அஸபாவின் மாத்திரை

அன்று காலை நான் சொன்ன ஒரு கதையை குராலை கடைசிவரை கேட்டாள்.

பெரிய கதை ஒன்றுமில்லை. சின்ன வயதில் மூடுபனியில் வழி தவறி, அப்பாவின் பெண்குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அது போன போக்கில் போய் வீடு சேர்ந்த கதை. கல்யாணமான புதிதிலிருந்து பலமுறை ஆரம்பித்திருக்கிறேன். பனி இறங்கும் இடத்துக்கு வருவதற்குள் அவள் எழுந்து ஜன்னலைத் திறப்பாள், யாருக்காவது போன் போடுவாள், இல்லையென்றால் "குதிரைன்னதும் ஞாபகம் வருது" என்று வேறொரு கதைக்குத் தாவிவிடுவாள். அன்று தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீரின் மேல் பாலாடை படிந்தது. நான் வீடு வந்து சேர்ந்தேன், அம்மா அழுதாள், கதை முடிந்தது.

"அப்புறம் அந்தக் குதிரை என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

என் கதையில் அதுவரை யாரும் அந்த இடம்வரை வந்ததில்லை.

என் மனைவி குராலை ஒரு அஸபா. கல்யாண விருந்தில் மைக்கைப் பிடித்து, சம்பந்திகளை வரிசையாக வாழ்த்துச் சொல்ல அழைத்து, நடுநடுவே கிண்டலும் பாட்டுமாகக் கூடத்தைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும் வேலை. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒலிபெருக்கியையும் கீபோர்டையும் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் சிம்கெந்த் நகரில் வேகமான வாய் வேண்டுமென்றால் குராலையைக் கூப்பிடு என்பார்கள். ஒரு மாமாவின் தொப்பியிலிருந்து தொடங்கி, அவர் ஊர்க் கழுதை, அங்கிருந்து மணமகளின் புருவம் என்று தாவித் தாவிப் போவாள். எங்கே போய் முடிப்பாள் என்று யாருக்கும் தெரியாது, முடிக்கும்போது கூடமே சிரித்துக் கவிழும். வீட்டில் அதே தாவல் வேறு மாதிரி இருந்தது. அடுப்பில் கருகும் சட்டி, குளிர்சாதனப் பெட்டிக்குள் கிடக்கும் கார் சாவி, திறந்தே கிடக்கும் அலமாரிகள்.

போன இலையுதிர்காலத்தில் ஒரே மதியத்துக்கு இரண்டு கல்யாணங்களை ஒப்புக்கொண்டாள். நகரின் இரண்டு முனைகள். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றுக்கு ஓடியபோது அங்கே இறைச்சி ஆறிக் கிடந்தது, மணமகள் அழுதுகொண்டிருந்தாள். திரும்பும் வழியில் காரில் குராலையும் அழுதாள். "எர்கா, நான் அலட்சியமா இருக்கேன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. சத்தியமா இல்ல. என் தலைக்குள்ள எல்லாக் கதவும் ஒரே நேரத்துல தெறந்து கெடக்கு."

டாக்டர் ரைஸா இல்யாசோவ்னா நீண்ட நேரம் விசாரித்துவிட்டு, இது கவனக்குறைபாடு என்ற கோளாறு என்றார். பள்ளி நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டும், யாரும் பார்க்கவில்லை.

"அது சின்னப் பசங்களுக்கு வர்றதுல்ல?" என்றேன்.

"சின்னப் பசங்க வளர மாட்டாங்களா தம்பி?" என்றார் அவர், மருந்துச்சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

மாத்திரை தொடங்கியதும் முதலில் குமட்டல்தான் வந்தது. விருந்தில் அஸபாவின் தட்டில் குதிரை இறைச்சியைக் குவிப்பார்கள். வேண்டாமென்றால் விருந்து வைத்தவர் மனம் நோகும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டை மெல்ல என் பக்கம் தள்ளுவாள். நான் பெருத்தேன், அவள் இளைத்தாள். "என்ன மருமகளே, இவனே எல்லாத்தையும் தின்னுடறானா?" என்று கிழவிகள் என்னை முறைத்தார்கள். நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டியது. மைக்குக்குப் பின்னால் எலுமிச்சைத் துண்டு ஒன்றைக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தாள். டாக்டர், பொறுத்துப் பார்க்கலாம் என்று அளவைக் கூட்டினார்.

பிறகு ஒருநாள் அமைதி வந்தது. வீடே தண்ணீருக்கடியில் இறங்கியதுபோல் இருந்தது. கதவுகள் மூடியிருந்தன. சாவி ஆணியில் தொங்கியது. மதிய வெயில் தரைவிரிப்பின் மேல் நகர்வதை அவள் உட்கார்ந்து பார்த்தாள். "உள்ள பனி பெஞ்சு முடிஞ்ச மாதிரி இருக்கு எர்கா. ஒரு காலடிகூட இல்ல," என்றாள். அவளுக்கு வரும் கனவுகள் மட்டும் கனத்துப்போயின. ஏரிக்கு நடுவில் விருந்து மேசைகள், வாயைத் திறந்தால் நீர் புகுகிறது, விருந்தாளிகள் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். அதையும் நிதானமாக, முதலிலிருந்து முடிவுவரை சொன்னாள். எனக்கு இப்படி ஒருத்தி கிடைத்ததில் வெட்கப்படும் அளவுக்குச் சந்தோஷம். குதிரைக் கதையைச் சொன்ன காலை அப்போதுதான்.

அந்த மாதமே லெங்கெரில் ஒரு மணப்பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு வழியனுப்பும் விருந்து. குராலை ஒரு பெயரையும் தவறவிடவில்லை. உறவுமுறை வரிசை பிசகவில்லை. எல்லோருக்கும் உரிய நேரம், உரிய மரியாதை. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஒரு மாமாவின் தொப்பியைப் பார்த்தாள், தொப்பி தொப்பியாகவே இருந்தது. கரண்டிகள் தட்டில் படும் ஓசை எனக்குக் கேட்டது. அவளுடைய விருந்தில் அதுவரை நான் அதைக் கேட்டதில்லை. பெண்ணின் பெரியத்தை மைக்கை வாங்கி, "வாழ்த்தெல்லாம் இருக்கட்டும். அஸபாப் பொண்ணே, இது கல்யாணமா, கணக்குப் பரீட்சையா? பேசினா மார்க்கு கொறைச்சிருவியோன்னு ஒக்காந்திருக்கோம்!" என்றாள். அன்றைய ஒரே சிரிப்பு அதற்குத்தான். குராலையும் சிரித்தாள். அவள் கழுத்தோரம் வேர்வை வழிந்தது.

"விருந்து இருக்கிற நாள்ல இனிமே மாத்திரை போடமாட்டேன்," என்றாள் காரில்.

"டாக்டர்கிட்ட கேக்காமலா?"

"டாக்டரா வந்து மைக் பிடிக்கப்போறாங்க?"

அப்படியே செய்தாள். ஒருநாள் போடுவாள், மறுநாள் விடுவாள். சிரிப்பும் திரும்பவில்லை, அமைதியும் நிற்கவில்லை. எரிச்சலும் தலைசுற்றலும்தான் மிஞ்சின. ஒரு விருந்தில் மணமகளின் முகத்திரையை விலக்கும் பாட்டுக்கு நடுவே மேடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி, பிடிபட்ட குருவி மாதிரி அடித்துக்கொண்டது. பாட்டை நிறுத்தாமல் ஒரு கையால் வாசித்துக்கொண்டே, மறுகையால் அவளைப் பிடித்திருந்தேன்.

ரைஸா இல்யாசோவ்னா இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதென்ன தலைவலி மாத்திரையா, வேணும்போது போட்டுக்க? ஏன்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவீங்கன்னு பயம். நிறுத்தாம விட்டுருவீங்கன்னும் பயம்," என்றாள் குராலை.

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். இது உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அளவை மெல்ல இறக்கிவிட்டு நிறுத்துவோம், உடம்பு ஆறட்டும், பிறகு வேறொன்றைச் சின்ன அளவில் பார்ப்போம், தினமும் நாடியைப் பார், ஒத்துக்கொள்ளாததை முதல் நாளே சொல் என்றார். இரண்டு விரலை மணிக்கட்டில் எங்கே வைப்பது என்று காட்டிக்கொடுத்தார்.

மருந்தில்லாத அந்த இடைவெளியில் பழைய குராலை வீடு திரும்பினாள். பசித்துச் சாப்பிட்டாள். குழாய் திறந்தே ஓடியது, ரொட்டி கருகியது, என் வாக்கியங்கள் பாதியில் நின்றன. விருந்துகளில் ஜனங்கள் கண்ணீர் வரச் சிரித்தார்கள். கீபோர்டுக்குப் பின்னால் நானும் சிரித்துக்கொண்டே, தரைவிரிப்பில் வெயிலைப் பார்த்திருந்தவளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு அது தெரிந்திருந்தது. துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று கேட்டாள். "உண்மையச் சொல்லு எர்கா. உனக்கு எவ வேணும்?"

"ரெண்டு பேரும் நீதான்."

"அது விருந்துல சொல்ற பதில். வீட்டுல சொல்ற பதிலச் சொல்லு."

கையிலிருந்த சட்டையை நான் மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். "அந்த அமைதியானவ என் கதைய முழுசாக் கேட்டா குராலை," என்றேன். "ஆனா அவ மனசு விட்டுச் சிரிச்சு நான் பாத்ததில்ல."

அவள் தலையாட்டினாள். சட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "எனக்கும் அவளப் பிடிச்சிருந்துச்சு. அவ வீட்டுல பொருளெல்லாம் இருக்க வேண்டிய எடத்துல இருந்துச்சு. ஆனா வாடகைக்கு இருக்கிற மாதிரியே இருந்துச்சு."

புதிய மாத்திரை வசந்தத்தில் தொடங்கியது. காலையில் பாதி. தூக்கம் கொஞ்சம் கெட்டது, கை லேசாக நடுங்கியது. அவள் அன்றன்றே டாக்டருக்குப் போன் செய்தாள். சாவி சில நாள் ஆணியில் இருந்தது, சில நாள் காணாமல் போனது. பனியும் இல்லை, எல்லாக் கதவும் திறந்த காற்றும் இல்லை. என்ன மாதிரி இருக்கிறது என்று கேட்டால், "இன்னும் பேர் வெக்கல," என்பாள்.

துல்குபாஸ் பக்கம் ஒரு மதிய விருந்து. மணமகனின் பெரியப்பா வாழ்த்துச் சொல்ல எழுந்தார். பக்கவாதம் வந்து தேறியவர். ஒவ்வொரு சொல்லையும் எங்கோ ஆழத்திலிருந்து தூக்கி வரவேண்டியிருந்தது. கூடம் நெளிந்தது. பாட்டைத் தொடங்கி அவரை முடிக்க வைக்க என் விரல் கீபோர்டின் மேல் தயாராக இருந்தது. பழைய குராலை இந்த இடத்தில் ஒரு கிண்டலைப் போட்டு அவரைக் காப்பாற்றி உட்கார வைத்திருப்பாள். பனிக்குள்ளிருந்தவள் மரியாதையாக நின்றுகொண்டிருப்பாள், அவ்வளவுதான். இவள் என்னைப் பார்த்து வேண்டாமென்று கண் காட்டினாள். பெரியவருக்கு அருகில் போய், மைக்கை அவர் வாயருகே பிடித்துக்கொண்டு, தானும் அந்தச் சொல்லைத் தேடுபவள்போல அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். பிள்ளைகள்கூட அடங்கிவிட்டார்கள். "நல்லா... இருங்க..." என்று அவர் முடித்தபோது நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

குராலை மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள். "பெரியப்பா, ரெண்டு சொல்லுக்கு இவ்வளவு நேரம் எங்களக் காக்க வெச்சீங்க. மாப்பிள்ளையப் பாருங்க, ஒரு சொல்லு 'சரி'ன்னு சொல்ல ஏழு வருஷம் அந்தப் பொண்ணக் காக்க வெச்சான். உங்க குடும்பத்து ஆம்பளைங்களே இப்படித்தானா?"

முதலில் பெரியவர்தான் சிரித்தார், கோணிய வாயால். பிறகு கூடம்.

திரும்பும் வழியில் காரில், "இன்னிக்கு அந்தப் பெரியவர் பக்கத்துல நின்னது மாத்திரையா, நானா?" என்று கேட்டாள். மலைச்சரிவு முழுக்கச் சிவப்புக் கசகசாப் பூக்கள் பூத்திருந்தன. "வண்டிய நிறுத்து," என்றாள்.

சாலையைக் கடந்து பூக்களுக்குள் இறங்கினாள். இடுப்பளவுப் புல்லில் சற்றுத் தூரம் போய், இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து நின்றாள். அதற்குள் எங்கிருந்தோ ஒரு ஆட்டு மந்தை சாலையை நிரப்பிக்கொண்டு வந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் கம்பளி முதுகுகள் அசைந்து அசைந்து போயின. எழுந்த புழுதியில் வெயில் பட்டுப் பொன்னிறமானது. அதற்கு அப்பால் அவள் தலை தெரிந்தது, மறைந்தது, கொஞ்சம் தள்ளி மறுபடி தெரிந்தது. அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நாடியை எண்ணினாளோ, யாருடனாவது பேசினாளோ. எவளாகத் திரும்பி வந்தாலும் சரி என்று நான் எஞ்சினை அணைத்துவிட்டு ஜன்னலை இறக்கினேன். ஆடுகள் போய்க்கொண்டே இருந்தன.