நாலு போல்ட்டும் ஒரு மூடியும்

"ஆசியாக் கண்டத்திலேயே இரைச்சல் கலக்காத சங்கீதத்தை உண்டாக்கினவர் நம்ம பரமானந்தம் ஒருத்தர்தான்" என்று பவுல்ராஜ் சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று அறிவித்து, ஸ்விட்சைப் போட்டார்.

"ம்ம்ம்ம்" என்றது செட்டு.

அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். செத்தவரின் அக்கா கித்தேரியம்மாள், "யாரு வீட்டு மாடு லீமா, இப்படிக் கெடந்து கத்துது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மாடு இல்ல மயினி. அவுக செட்டு" என்றாள் செத்தவரின் மனைவி லீமா.

பவுல்ராஜ், கொடை மலை ஒலி ரசிகர் மன்றத்தின் தலைவர். பரமானந்தம் செயலாளர். உறுப்பினர்கள் இன்னும் சேரவில்லை. மிஷன் பள்ளிக்கூட லேபில் வேலை பார்த்த பரமானந்தம், ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன ரேடியோக்களில் பல்பு மாதிரி எரியும் கண்ணாடி வால்வுகளைப் பிடுங்கி, எழுபத்தாறாம் வருஷம் இந்த ப்ரீ-ஆம்ப்ளிஃபையரைக் கட்ட ஆரம்பித்தார். ரெக்கார்டு முள்ளிலிருந்து வரும் நோஞ்சான் சத்தத்தைத் தேற்றி, பெரிய ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிற சாமான். தேற்றியது. கூடவே இந்த உறுமலையும் தேற்றியது.

உறுமலுக்குக் காரணம் கரண்டு போஸ்ட்டு என்றார். பிறகு மூடுபனி என்றார். மூன்று தடவை ஒயரையெல்லாம் பிரித்துக் கட்டினார். "மேல ஒரு தகர மூடி போட்டா அடங்கும்னு புஸ்தகத்துல போட்டிருக்குண்ணே" என்று பவுல்ராஜே ஒருதரம் சொன்னார். மூடி மாட்ட நாலு மூலையிலும் போல்ட் தயாராக நீட்டிக்கொண்டுதான் இருந்தது.

"மூடியா? டிசைன் தெரியாதவனுக்குத்தாம்ப்பா மூடி. அதுவும் போக, மூடிட்டா வால்வு எரியிற அழகை வர்றவுக எப்படிப் பாப்பாக?"

போட்டுப் பார்க்கவே இல்லை.

அட்டுவம்பட்டிக் குளிரில் உறை ஊற்றிய பால் ரெண்டு நாளானாலும் பாலாகவே கிடக்கும். வால்வு எரிந்தால் அந்தச் செட்டு தோசைக்கல்லாட்டம் சுடும். அதன் பக்கம் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வரக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அவர் லேபுக்குக் கிளம்பியதும் லீமா ஸ்விட்சைப் போட்டு, அந்த நாலு போல்ட்டின் மேல் உறை ஊற்றிய பாலோடு அலுமினியச் சட்டியை ஏற்றிவிடுவாள். அளவெடுத்த மாதிரி உட்காரும். உட்கார்ந்ததும் உறுமல் நின்றுவிடும். செட்டுக்கும் குளிருகிறது போல என்று முதலில் நினைத்தாள். பிறகு புரிந்தது. புரிந்தபோது சொல்ல முடியாத அளவுக்குத் தயிர் ஆகியிருந்தது.

சாயங்காலம் வந்ததும் அவர் செட்டைத் தொட்டுப் பார்ப்பார். வெதுவெதுப்பாக இருக்கும். முகம் மலர்ந்துவிடும். "என் வீட்டுக்காரிக்கு அப்படி ஒரு காது. நான் இல்லாத நேரமெல்லாம் கேட்டுக்கிட்டே இருக்கா" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"இன்னைக்கும் கேட்டியாக்கும்?"

"ம்."

"இரைச்சல் இருந்துச்சா?"

"இல்லீங்க."

ஆசைக்குப் பொய் சொல்கிறாள் என்று சிரித்துக்கொள்வார். அந்த ஒன்றுதான் உண்மை.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பெட்டி எடுக்குறப்ப நம்ம செட்டுல அந்த ஆர்கன் ரெக்கார்டைப் போடணும். உறுமுச்சுன்னா நிப்பாட்டிரு. எம் மானத்த வாங்கிராத."

இப்போது பவுல்ராஜ் செட்டின் குமிழ்களையெல்லாம் திருகிப் பார்த்துவிட்டு வியர்வையோடு நிமிர்ந்தார். பங்குச் சாமியார் ஜன்னலுக்கு வெளியே ஏறிவரும் மழையைப் பார்த்தார்.

"தங்கச்சி, நிப்பாட்டிரவா? அண்ணன் அப்படித்தான சொன்னாரு?"

"இருங்கண்ணே" என்று லீமா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

நேற்றுச் சாயங்காலம் பாலுக்கு உறை ஊற்றி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள், காலையில் அவரோடுதான் திரும்பியிருந்தாள். பால் பாலாகவே கிடந்தது. சட்டியைத் தட்டால் மூடி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். கூட்டம் வழிவிட்டது. தீர்த்தமாக்கும் என்று நினைத்துக் கித்தேரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

லீமா பெட்டியில் கிடந்தவர் முகத்தைப் பார்க்காமல் சட்டியை நாலு போல்ட்டின் மேல் வைத்தாள்.

உறுமல் நின்றது.

பவுல்ராஜ் ரெக்கார்டில் முள்ளை வைத்தார். ஆர்கன் எழுந்தது. வாசிக்கிறவர் மூச்சு வாங்குவதும், காலடியில் மரக்கட்டை கிறீச்சிடுவதும்கூடக் கேட்டன. இத்தனை வருஷத்தில் லீமா அந்தச் செட்டில் பாட்டு என்று காது கொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

"பாத்தீகளா! டிசைன்னா இதுதான் டிசைன்!" என்றார் பவுல்ராஜ்.

பெட்டியை எடுத்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் நனைந்து திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. செட்டை நிறுத்த யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. ரெக்கார்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டார் சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

லீமா சட்டியைத் தூக்கினாள். "ம்ம்ம்ம்" என்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்று கேட்டாள். பிறகு ஸ்விட்சை அணைத்தாள்.

தயிர் உறைந்திருந்தது. பவுல்ராஜ் ரெண்டாம் தரமும் கேட்டு வாங்கிக்கொண்டார்.