தங்கை வீட்டுப் பின்புறக் கரை

மனித நாகரிகம் என்பதே புல்லுக்கும் மனிதனுக்கும் இடையே ஓயாமல் நடக்கும் போர் என்று வடிகால் வாய்க்கால் சூப்பர்வைசர் உறுதியாக நம்பினார். போரில் இதுவரை புல்தான் ஜெயித்து வந்தது. சூப்பர்வைசருக்கு மிஞ்சியது முதுகுவலி.

இந்த வருஷம் விஷயம் வேறு. போன மழையில் வாய்க்கால் வழிந்து, கரையோரம் குடியிருக்கும் அவருடைய தங்கை வீட்டுக்குள் புகுந்து, அவள் பிழைப்புக்கு நம்பியிருந்த தையல் மிஷினின் மோட்டாரைக் காவு வாங்கிவிட்டது. புது மோட்டார் மாட்டிய அன்று அவர் வாக்குக் கொடுத்தார்.

"இனி ஒரு சொட்டு உள்ளே வராது. நான் எதுக்கு இருக்கேன்?"

"அதான்ணா பயமா இருக்கு" என்றாள் தங்கை.

கரைப் புல்லைக் கணுக்கால் உயரம் விட்டு ஒரு தடவை வெட்டுவது ஆபீஸ் வழக்கம். வாய்க்கால் நெடுக அப்படியே வெட்டினார்கள். தங்கை வீட்டுக்குப் பின்னால் மட்டும் புல்வெட்டும் மிஷினைத் தாழ்த்தி, திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். மண் தெரிய வேண்டுமாம்.

டிரைவர் கல்லில் பட்டுப் பல்லிளித்த பிளேடைப் பார்த்தார். "புல்லு வெட்டற மிஷின் சார் இது. உழறதுக்கு வேற மிஷின் இருக்கு."

"உங்க தங்கச்சி வீடா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

"எனக்குத் தங்கச்சி இல்லை சார், மச்சான்தான். அவன் வீட்டுல தண்ணி புகுந்தா சந்தோஷம்."

கரை மொட்டைத் தலை போல மின்னியது. சூப்பர்வைசர் அதை ஃபோட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினார்.

பிறகு வெயில் வந்தது. மூடாத மண் வெடித்தது. கரையைப் பிடித்துக்கொண்டிருந்த குட்டைப் புல் வேரோடு கருகியது. ஆழ வேர்விட்ட முரட்டுக் களை மட்டும் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. முதல் தூறலில் எட்டிப் பார்த்தது. போட்டிக்கு ஆளில்லை என்று தெரிந்ததும் மளமளவென்று ஆளுயரம் வளர்ந்து, வாய்க்காலுக்குள் சாய்ந்து வழியை அடைத்தது. வெட்டலாம் என்றால் சேற்றில் மிஷின் இறங்காது.

பெருமழை கொட்டிய மத்தியானம் அவர் ஓடி வந்தபோது, புல்லின் பிடி இல்லாத கரை அந்த இடத்தில் கரைந்து, தண்ணீர் பின்கதவைத் தாண்டியிருந்தது.

"அந்தப் பக்கம் பிடிங்கண்ணா! கட்டில் மேல ஏத்திடலாம்."

தையல் மிஷினை மூச்சிரைக்க ஏற்றினார்கள். மோட்டார் தப்பித்தது.

"நான் உனக்கு நல்லது பண்ணத்தாம்மா..."

"எனக்குத் தெரியாதா? முதல்ல காலை மேல வைங்க, சளி பிடிச்சுக்கும்."

சூப்பர்வைசர் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

அந்த வரிசையில் வேறெந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் போகவில்லை.