ஆத்தூர்ப் பாலம் தாண்டினால்

ஆறுமுகநேரி உப்பளத்தை ஒட்டி மூன்றாவது முறையாகக் கார் குலுங்கியதும் மகாராஜன் ஓரங்கட்டி, இன்ஜினை அணைக்காமலே பானட்டைத் தூக்கினான். உள்ளே அவன் மனைவி பிரேமா மடியில் துணிக்கடைப் பையோடு இருந்தாள். பைக்குள் சிவப்புப் பட்டு. அவனுடைய அக்கா சீனித்தாய் அன்று விடிகாலையில் ஆலந்தலையில் நெஞ்சுவலி வந்து இறந்துபோயிருந்தாள். பிறந்த வீட்டுக் கோடியைத் தம்பி வந்து போர்த்தாமல் உடலை எடுக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம். மணி இரண்டே முக்கால்.

"பஸ்ஸ நிப்பாட்டட்டா?" என்றாள் பிரேமா.

"அஞ்சு நிமிசம்."

"மெக்கானிக்கு கார நம்பி ஏறுனேன் பாருங்க, என்னயச் சொல்லணும்."

துறைமுகச் சாலையில் அவன் ஷெட்டுக்கு வந்த கார்களெல்லாம் ஒழுங்காகத் திரும்பிப் போயிருக்கின்றன. சொந்தக் கார்தான் ஒரு வருடமாக ஏமாற்றியது. ரோட்டில் அடைத்துக் குலுங்கும், ஷெட்டுக்குள் நுழைந்தால் பச்சைப்பிள்ளை மாதிரி தூங்கும். ஸ்கேனரைச் சொருகினாலும் ஒன்றும் காட்டாது. காட்டாத கோளாறில் கை வைக்கக் கூடாது என்பது அவன் கொள்கை. சோம்பேறித்தனத்துக்கு அவன் வைத்திருந்த மரியாதையான பெயர் அது.

போன பொங்கலுக்கு இதே காரில் வந்தபோது அக்காதான் சொன்னாள். "ஏலே, ஆத்தூர் பாலம் தாண்டுனாதான் இதுக்கு மூச்சு முட்டுது. சூடானப்புறம் பாரு. ஷெட்டுல நிறுத்தி வச்சுக் கேட்டா அது என்னத்தச் சொல்லும்?" அவள் வாய்க்குப் பயந்து பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் ஒன்று புதிதாக வாங்கி டிக்கியில் போட்டான். மாட்டவில்லை.

பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாள். "எனக்கும் நெஞ்சுல அப்பப்ப பிடிக்குதுலே. ஈசிஜி எடுத்துப் பாத்த டாக்டரு எல்லாம் நல்லாருக்குங்கான்."

"அப்ப நீயும் என் காரும் ஒண்ணுதான்க்கா. ஷெட்டுக்கு வந்தா நல்ல பிள்ளையாயிருவீங்க."

அவள் சிரித்தாள். அந்த ஜோக்கை அவன் ஷெட்டிலும் இரண்டு பேரிடம் சொன்னான்.

போன் அடித்தது. அக்கா வீட்டுக்காரர் செந்தூர்பாண்டி.

"மாப்ள, எங்கன வார?"

"ஆறுமுகநேரி அத்தான். கார் கொஞ்சம்..."

"மெதுவா வா. அவ எங்கயும் போவமாட்டா."

இன்ஜின் இன்னும் தடுமாறிக்கொண்டுதான் இருந்தது. சூடு ஆறிவிட்டால் மறுபடி ஒளிந்துகொள்ளும். சிலிண்டருக்கு ஒன்றாக இருந்த காயில்களின் வயர்களை அவன் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். முதலாவதைப் பிடுங்கியதும் இன்ஜின் அணையப் போனது. அப்படியானால் அது நல்லது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கினான். சத்தம் மாறவில்லை. மாட்டினான், பிடுங்கினான். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

"கெடச்சிட்டு!" என்றான். குரலில் இருந்த சந்தோஷம் அவனுக்கே கேட்டது. பிரேமாவைப் பார்க்காமல் டிக்கியைத் திறக்கப் போனான்.

புதுக் காயிலை மாட்ட நாலு நிமிடம் ஆனது. விரல் சுட்டது. அதற்குப் பிறகு கார் ஒரு முறைகூடக் குலுங்கவில்லை.

"நாலு நிமிச வேல," என்றான், காயல்பட்டினம் தாண்டும்போது.

பிரேமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பந்தலில் வழிவிட்டார்கள். "கையக் களுவிட்டு..." என்று ஒரு பெண் தொடங்கினாள்.

"போடட்டும்," என்றார் செந்தூர்பாண்டி. "அவ பாக்காத கிரீஸா."

மகாராஜன் பட்டை உதறி விரித்து அக்கா மேல் போர்த்தினான். கையை எடுத்தபோது சிவப்பில் நாலு விரல் கறுப்பாகப் பதிந்திருந்தது.

அக்கா மகள் பானுப்ரியா அதைப் பார்த்தாள். குனிந்து, துணியின் ஓரத்தை இழுத்து, கறை உள்பக்கம் போகும்படி மடித்து, அம்மாவின் கைக்கு அடியில் செருகினாள்.