கருகாத விலா

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா பன்றி விலாவைக் கிரில் அடுப்பில் வாட்டினாள். பிரமாதமாக வந்தது. இதில் கதை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டேன். நன்றாக வந்த சமையலை வைத்து யார் கதை எழுதுகிறார்கள்? கருகினால்தான் எழுதுகிறார்கள்.

ஆகவே நானும் கருக்கினேன்.

2

முதல் தொடக்கம்: "புகை மண்டிய பின்வாசலில் அவள் தன்னந்தனியாக நின்று…" (அடித்துவிட்டேன். தனியாகவெல்லாம் நிற்கவில்லை. நான் பக்கத்திலேயே பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.)

இரண்டாவது: "வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிற பெண்ணுக்குச் சமையல் எப்படி…" (இதை அவள் பார்த்திருந்தால் என் கதை கந்தல்.)

மூன்றாவதில் விலா கருகியது, அண்ணன் தட்டைத் தள்ளினான், அக்கா அழுதாள். என் வாயால் சொல்லக் கூடாது, அழகாகவே வந்திருந்தது. அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"நான் எங்கடி அழுதேன்?"

"கதைக்காகக்கா."

"கதைக்கு நீ அழு. என் கறி கருகல. கருகிப்போச்சுன்னு எழுதி வெச்சா, நாளைக்கு நான் கடை போட்டா எவன் வந்து வாங்குவான்?"

3

கடை என்றாள் அல்லவா, அதை விளக்காவிட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. அண்ணன் சாப்பாட்டுக் கடை நடத்துகிறான். கடைக்கு முன்னால் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கிறது. சனி, ஞாயிறு மட்டும் அங்கே விலா வாட்டி விற்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. "சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று அண்ணன் பிடிகொடுக்காமல் இருந்தான். அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து.

பழைய டிரம் ஒன்றை அக்காவே அறுத்து, மூடிக்குக் கீல் வைத்து, காற்று போவதற்குப் பக்கவாட்டில் ஒரு தகட்டுக் கதவும் வைத்திருந்தாள். விலாவின் உட்புறச் சவ்வைக் கத்தி முனையால் நெம்பி, துணியால் பிடித்து ஒரே இழுப்பில் உரித்தாள். உப்பு, மிளகு, பூண்டு, கொஞ்சம் வெல்லம் தடவினாள். கரியை ஒரு பக்கமும் கறியை மறுபக்கமும் வைத்து மூடினாள். இதில் தீ தெரியாது, சூடு மட்டும்தான்.

அண்ணன் ஆளுயரத் தீயில் சட்டி பிரட்டியே பழகியவன். தீ தெரியாவிட்டால் அடுப்பு அணைந்துவிட்டது என்பது அவன் கட்சி. அக்கா உள்ளே போன நேரம் பார்த்து, உதவி செய்கிறானாம், மூடியைத் திறந்து ஒரு கூடை கரியைக் கொட்டி விசிறியும் விட்டான். சொட்டிய கொழுப்பில் தீ குப்பென்று எழும்பியது.

(என் பழைய வரைவில் இங்கேதான் கறி கருகியது. எவ்வளவு தோதான இடம், பாருங்கள்.)

அக்கா ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். மூடியைச் சாத்தினாள். தகட்டுக் கதவை அடைத்தாள். காற்றில்லாமல் தீ அடங்கியது.

"அண்ணே, நான் என்னைக்காவது உன் கடை அடுப்பைத் தொட்டிருக்கேனா?"

"தீயே இல்லையேம்மா."

"இருக்கு. நீ உக்காரு."

உட்கார்ந்தான். எங்கள் அண்ணனை ஒரே சொல்லில் உட்கார வைத்த ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

4

கறி சுருங்கி எலும்பு நுனி வெளியே தெரிந்ததும் எடுத்தாள். அண்ணன் ஒன்று சாப்பிட்டான். அப்புறம் கேட்காமலே இரண்டு எடுத்துக்கொண்டான்.

"கடை முன்னாடி வெச்சுக்கோ. ஆனா மசாலா நம்ம கடை மசாலாதான். அடுப்பையும் நம்ம ஆளு பாத்துக்குவான்."

அக்கா அவன் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள். "சாப்பிடு. யோசிச்சுச் சொல்றேன்."

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் ஒத்துக்கொண்டாள். ஒன்றில் மறுத்துவிட்டுப் பட்டறை வாசலிலேயே கடை போட்டாள். மற்றதில் அண்ணன் இறங்கி வந்தான். (நம்பாதீர்கள். நான் அவன் கூடப் பிறந்தவள்.)

"நானே இன்னும் முடிவு பண்ணல. உனக்கென்னடி அவசரம்?" என்றாள் அக்கா.

மூன்றையும் கிழித்துப் போட்டேன். இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிடுவார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், கொடுக்க அது என் கையில் இருந்தால்தானே?

அண்ணன் தினமும் எனக்குப் போன் செய்கிறான்.

"என்ன சொன்னா உங்கக்கா?"

"யோசிக்கிறாளாம்ணே."

போன வாரம் வரை அவன் பதிலுக்கு அவள் காத்திருந்தாள்.