ஒரு ஸ்பூன் மேட்டுத் தோட்டம்

துண்டை மடித்து அப்பாவின் தாடைக்குக் கீழே செருகிவிட்டு, பெரியவள் ஸ்பூனை அவர் உதட்டருகே கொண்டுபோனாள். ஸ்பூனில் நாலைந்து சொட்டு சிவப்பு ஒயின். மேட்டுத் தோட்டத்துத் திராட்சை. பறித்ததிலிருந்து பீப்பாயில் ஊற்றியதுவரை, அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளே செய்த முதல் ஒயின்.

"அப்பா, கொஞ்சம் வாயைத் தொறங்க. நம்ம ஒயின்ப்பா. எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

டாக்டர் நேற்றே கையை விரித்துவிட்டார். இனித் தண்ணீர்கூட உள்ளே இறங்காது, உதட்டை நனைத்தால் போதும் என்றார். கண் பார்வை எப்போதோ போயாயிற்று. ஆளும் அடையாளம் தெரிவதில்லை. மூன்று வருஷமாகப் பீ மூத்திரம் அள்ளுகிற மகளைப் பார்த்து, "யாரும்மா நீ? சம்பளமெல்லாம் ஒழுங்காக் குடுக்கிறாங்களா?" என்று விசாரித்த மனுஷன்.

ஆனால் நாக்கு மட்டும் சாகவில்லை என்று பெரியவள் நம்பினாள். லேசுப்பட்ட நாக்கா அது? ஒயினை ருசி பார்த்துச் சொல்ல எங்கெங்கிருந்தோ வண்டி வைத்து அழைத்துப்போவார்கள். அப்பா ஒரு மிடறு வாயில் வைத்து, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டி, வாளியில் துப்பிவிட்டு, "இது சுண்ணாம்புச் சரிவு. இது களிமண்" என்று திராட்சை விளைந்த மண்ணையே சொல்லிவிடுவார். நல்லதோ கெட்டதோ, ருசி பார்க்கிறவன் துப்பித்தான் ஆகவேண்டும். விழுங்க ஆரம்பித்தால் பத்தாவது பீப்பாயில் ஆள் உருண்டுவிடுவான். அம்மா இருந்தவரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்: "கல்யாணத்தன்னிக்கே வாளி எங்கேன்னு தேடினவராச்சே!"

அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வேண்டும். 'மேட்டுத் தோட்டம்' என்றால்கூடப் போதும். அவளைத்தான் தெரியவில்லை, அவள் கைவேலையையாவது தெரிந்துகொண்டு போகட்டுமே. வேறென்ன கேட்டாள் அவள்?

ஸ்பூன் கவிழ்ந்தது. அப்பா உதட்டை மூடிக்கொண்டார். தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது. அவ்வளவுதான். அவள் வெகுநேரம் குனிந்தபடியே நின்றாள்.

"போச்சு. நாக்கும் போச்சு," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, துண்டை உருவிக் கட்டில் கம்பியில் போட்டாள்.

மதியத்துக்கு மேல் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. தங்கைக்குப் போன் போட்டாள். "கிளம்பிட்டேன்க்கா. அவரைப் பிடிச்சு வையி," என்றாள் சின்னவள், ஏதோ பஸ்ஸை நிறுத்தி வைக்கச் சொல்வதுபோல.

சின்னவள் ஆற்றங்கரைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். போகும்போது அப்பாவே மேட்டுத் தோட்டத்துக் கொடியில் குச்சி வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். ஒரே தாய்க்கொடிதான். ஆனால் மேட்டில் கல்லுக்கிடையே வேரைவிட்டுத் தவிக்கிற கொடி, சின்னச் சின்னப் பழமாகத்தான் காய்க்கும். தோல் தடிப்பு. ஒயினில் மிளகு வாசம், நாக்கைக் கவ்வுகிற துவர்ப்பு. அதே கொடி ஆற்று வண்டலில் கொழுகொழுவென்று காய்த்தது. அந்த ஒயின் இனிப்பாக மணத்து, வழுக்கிக்கொண்டு இறங்கியது. முதல் பாட்டிலை அப்பா துப்பிவிட்டு, "வண்டல். சோம்பேறி மண்ணு," என்றார். சின்னவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அதற்குப் பிறகு வருஷா வருஷம் பாட்டில் வந்தது, அவள் வரவில்லை.

இந்த வருஷத்துப் பாட்டில் திறக்காமலே அலமாரியில் இருந்தது. என்ன தோன்றியதோ, பெரியவள் அதை எடுத்துத் திறந்தாள். வேறொரு துண்டைச் செருகி, ஒரு ஸ்பூன் கொடுத்தாள்.

அப்பாவின் கன்னம் அசைந்தது. இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம். பிறகு வாயோரமாகத் தள்ளித் துப்பினார். துண்டில் சிவப்பாகப் பரவியது.

"வண்டல்," என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "இப்ப நல்லா வந்திருக்கு. சின்னவ வந்துட்டாளா?"

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், எரியத்தான் செய்தது. ஆனாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டேன்ப்பா," என்றாள். தங்கை குழைகிற மாதிரியே குழைந்து சொன்னாள். அவர் விரல்கள் அவள் கையை இறுக்கின. பொழுது சாய்வதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

சின்னவள் வந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். கதறி ஓய்ந்ததும், "என்னைக் கேட்டாராக்கா?" என்றாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

"கேட்டாரு. உன் ஒயினைக் குடுத்தேன். நல்லா வந்திருக்குன்னாரு. நீ வந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் போனாரு."

சின்னவள் அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டாள். "உன்னை என்ன சொன்னாரு?"

"என்னையா? ஒண்ணும் சொல்லலை. விடு."

அங்கே உட்கார முடியவில்லை அவளுக்கு. அழுக்குத் துணிகளை வாரிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். மதியத் துண்டை முதலில் நனைத்தாள். ஒயின் கறை லேசில் போகுமா? சோப்புப் போட்டுக் கசக்கக் கசக்கத் தண்ணீர் சிவந்துகொண்டே வந்தது. அதை ஊறப் போட்டுவிட்டு, காலையில் செருகிய துண்டை எடுத்தாள். சோப்புப் போடுவதற்காகக் கறையைத் தேடினாள். பிரித்துப் பார்த்தாள். புரட்டிப் பார்த்தாள். விளக்கடியில் தூக்கிப் பிடித்தாள்.

துண்டு வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அக்கா, நான் துவைக்கட்டுமா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் சின்னவள்.

"இரு, வர்றேன்."

பெரியவள் குழாயை மூடினாள். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, அந்தத் துண்டை நனைக்காமல் நாலாக மடித்தாள்.