கிக்கர் பல் தேய்ந்த வண்டி

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. பழைய வண்டிகளுக்கென்றே வரும் ஒரு பத்திரிகையிலிருந்து போன் வந்தது.

"உங்ககிட்ட ஒத்த சிலிண்டர் வண்டி இருக்காமே சார். அதைப் பத்தி எழுதுங்க. கொஞ்சம் நெகிழ்ச்சியா இருக்கட்டும்."

என்னிடம் யாரும் நெகிழ்ச்சி கேட்டதில்லை. நான் கொத்தனாராக இருந்து எழுத வந்தவன். கதையிலும் சுவர்தான் எழுப்புகிறேன் என்று ஒருவர் மேடையில் சொன்னார். திட்டினாரா பாராட்டினாரா என்று இன்னும் தெரியவில்லை. இருந்தாலும் சரி என்றேன்.

"ஞாயித்துக்கிழமை போட்டோவுக்கு ஆள் வருவாரு. நீங்க கிக்கரை ஓங்கி உதைக்கிற மாதிரி ஒரு படம் வேணும்."

அதற்கும் சரி என்று சொல்லித் தொலைத்தேன். நாளை ஞாயிறு.

2

முதல் தொடக்கம் இது:

'அவன் சாவியைத் திருப்பினான். கிக்கரை மெல்ல அழுத்தினான். ஹெட்லைட்டுக்கு மேலுள்ள சின்ன மீட்டரில் முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தினான். இடது கைப்பிடியை ஒட்டியிருக்கும் குட்டி நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு, கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை இறக்கினான். நெம்பை விட்டான். கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் பாரம் மொத்தத்தையும் காலில் இறக்கி ஒரே உதை. வண்டி'

(இங்கே சத்தத்தை எழுத வேண்டும். 'டப் டப்' என்று எழுதினால் துணி துவைக்கிற மாதிரி இருக்கிறது. சுத்தியல், இதயம் என்ற இரண்டு உவமைகளையும் பலர் தேய்த்துவிட்டார்கள். காலி விட்டிருக்கிறேன்.)

என் மனைவி என் கைப்பிரதிகளை எடுத்துப் படிப்பாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் விடமாட்டாள். தான் அதில் இருக்கிறாளா, இருந்தால் என்ன செய்கிறாள் என்று பார்ப்பதற்காக. இதையும் படித்தாள்.

"இதுல கிக்கர் பல்லு எப்போ சரியாச்சு?"

"கதைம்மா. கதையில எல்லாம் சரியாயிடும்."

"நான் எங்க?"

"வருவ. பின்னாடி வருவ."

"அதான் தெரியுமே. பின்னாடிதான்" என்றபடி காகிதத்தை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

3

இந்த 'அவன்' மேல் எனக்கு நம்பிக்கை விழவில்லை. ரொம்ப அலட்டாமல் உதைக்கிறான். அவனுக்குக் கணுக்கால் என்று ஒன்று இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்:

'நாங்கள் இருவரும் வேலைக்குப் போன வண்டி அது. நான் கொத்தனார், அவள் சித்தாள். விடிந்ததும் அவள் என் தோளைப் பிடித்தபடி பின்னால் உட்கார, காற்று'

அடித்துவிட்டேன். விடிந்ததும் அவள் உட்காரவில்லை. விடிந்ததும் அவள் தள்ளினாள்.

இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. வண்டி வாங்கிய வாரம், முள் நடுவுக்கு வருமுன் அவசரப்பட்டு உதைத்தேன். கிக்கர் திருப்பி உதைத்தது.* முழங்காலுக்குக் கீழே வீங்கி ஊதிப்போனது. வேலை செய்யும் இடத்தில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டேன் என்றேன். சாரத்திலிருந்து விழுவது கௌரவம். சொந்த வண்டியிடம் உதை வாங்குவது கௌரவம் இல்லை.

* பெரிய ஒத்த சிலிண்டர் வண்டிகளுக்கு இந்தக் குணம் உண்டு. அனுபவித்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நான் சிரித்துக்கொண்டுகூடச் சொன்னதில்லை.

வீக்கம் வடிந்தது, பயம் வடியவில்லை. கிக்கரில் காலை வைத்தாலே தொடை நடுங்கியது. மூட்டை மூட்டையாகச் சிமென்ட் சுமந்து மூன்று மாடி ஏறுகிற கால். அதனால் அவளிடம், கிக்கர் பல் தேய்ந்துவிட்டது, பழைய வண்டி, சாமான் கிடைக்காது என்று சொன்னேன். அவள் நம்பினாள். நான் வண்டியில் உட்கார்ந்து, இரண்டாவது கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்துக்கொள்வேன். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஓடுவாள். கிளட்ச்சை விட்டதும் வண்டி உறுமிக் கிளம்பும். ஓடுகிற வண்டியிலேயே தாவி ஏறுவாள்.

"இது வண்டியில்ல, எனக்கு வாய்ச்ச ரெண்டாவது மாடு" என்பாள் மூச்சிரைக்க.

"முதல் மாடு எது?"

"முன்னாடி உக்காந்திருக்கே, அது."

இருவரும் சிரிப்போம். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. இப்போதும் அந்த வண்டி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்: எஞ்சின் சூடு முழங்காலில் ஏற, என் முதுகில் அவளுடைய மூச்சு இரைப்பது. நெகிழ்ச்சி கேட்டார்களே, இதோ இருக்கிறது. இதைப் பத்திரிகைக்கு எப்படிக் கொடுப்பது?

அவளுடைய இடது முட்டி தேய்ந்து தள்ள முடியாமல் போனதும் வண்டியும் நின்றது. எல்லோரிடமும் சாமான் கிடைக்கவில்லை என்றேன். முட்டிக்கும் சாமான் கிடைக்கவில்லைதான்.

4

படத்துக்காக நேற்று புது பேட்டரி மாட்டினேன், பெட்ரோல் ஊற்றினேன். புதுக் காலை மட்டும் மாட்ட முடியவில்லை. ஆகவே மூன்றாம் தொடக்கத்தில் போட்டோக்காரரை மழையில் மாட்டிவிடலாம் என்று பார்த்தேன்:

'அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. வருவதாகச் சொன்னவர்'

வாசலில் வண்டி உறுமியது.

இதைக் கதைக்காகச் சேர்க்கவில்லை. காலியாக விட்டிருந்த அந்தச் சத்தம் ஜன்னல் கம்பி வழியாக வந்து மேசையை அதிரவைத்தது. மேசை விளிம்பில் இருந்த பேனா மூடி உருண்டு கீழே விழுந்தது.

எட்டிப் பார்த்தேன். வண்டியைத் துடைக்கப் போனவள் கிக்கர் இருக்கும் வலது பக்கம் நின்றிருந்தாள். கெட்டுப்போனது இடது முட்டிதான். வலது காலுக்கு ஒன்றுமில்லை. சீட்டின் மேல், துடைக்கிற துணிக்கு அடியில், என் முதல் தொடக்கம் படபடத்தது.

"ஏங்க! இங்க பாருங்க!" என்று குழந்தை மாதிரிக் கத்தினாள். "நீங்க எழுதினபடியே பண்ணேன். முள்ளு நடுவுல வந்துச்சு, குட்டி நெம்பைப் புடிச்சேன், விட்டேன். ஒரே உதை!"

நான் எழுதியதை நம்பி இந்த உலகத்தில் நடந்த ஒரே காரியம் இது. ஒரு கணம் எழுத்தாளனாக மகிழ்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்கக்கேடு.

அவள் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. மெதுவாகத்தான் போனது. சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள். குனிந்து கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள். ஒவ்வொரு தடவையும் பல் வழுக்காமல் கவ்வியது. அதற்குப் பிறகு உள்ளே வந்தாள்.

"பல்லு தேயவே இல்லையா?"

நான் காகிதத்தைப் பார்த்தேன்.

"பெரியவ என் வயித்துல இருந்தப்பவும் நல்லாத்தான் இருந்துச்சா?"

5

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

போன வாரம் மெக்கானிக் வந்து மாற்றினார் என்று சொல்லலாம். நம்புவாள், இன்னொரு தடவை. ஆனால் அந்த முடிவை எழுதியவனோடு நான் ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

(அடுத்த முடிவில் நான் அவள் காலில் விழுகிறேன். தேய்ந்த முட்டியைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன். படிப்பவர்களும் அழுவார்கள், பத்திரிகைக்குப் பிடிக்கும். அவள்தான், "எந்திரிங்க, இதையும் எழுதறதுக்கா?" என்பாள்.)

இன்னொன்றில் அவளே மன்னித்துவிடுகிறாள். அதை எழுத எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அவள் கேட்டது முடிவை அல்ல. ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று.

நான் எழுதிக்கொண்டிருந்தால் அவள் குறுக்கே பேசமாட்டாள். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான். அதனால்தான் இந்த ஐந்தாம் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை. நீங்கள் படிக்கிற இந்த வரிகளுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கிறேன். வரி தீர்ந்தால் நிமிர வேண்டும். முடிவு உங்களுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இன்னும் ஒரே ஒரு வரி மட்டும்

"எழுதி முடிங்க" என்கிறாள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு. "நான் நிக்கிறேன்."