துணை டீச்சரின் விடுப்புக் கடிதம்

என் மகளுக்கு வயது ஒன்பது. பேச்சு வராது, கால்கள் நிற்காது. பிடிவாதத்தில் மட்டும் என்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள். வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். சக்கர நாற்காலியின் கைப்பிடியில் பட அட்டைக் கொத்து ஒன்று தொங்கும். அதுதான் அவள் வாய்.

"துணைக்கு ஆள் இல்லாம உங்க பொண்ணை வகுப்புல வச்சுக்க முடியாது, அடுத்த மாசத்துலேர்ந்து வீட்லயே வச்சுக்கோங்க" என்று தலைமையாசிரியை சொல்லி அனுப்பியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க அவளுக்கு உரிமை இருக்கிறது. ஆள் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. தையல் மெஷின் மேல் விதிப் புத்தகத்தை விரித்து வைத்து நான்கு நாள் படித்துவிட்டு, இதைப் பேசப் பள்ளியில் வைத்த காலை பதினொரு மணிக் கூட்டத்துக்கு வாலுவையும் தள்ளிக்கொண்டு போனேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவளுக்கு ஒரு துணை டீச்சர் இருந்தார். தங்கமான மனுஷி. விடுமுறையில் காய்ச்சல் வந்து இறந்துபோனார். அந்த இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போக ஆளில்லாமல் வாலு தினமும் நனைந்த உடையோடுதான் வீட்டுக்கு வருவாள்.

"ஆள்தான் இருக்காங்களேம்மா" என்று கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "தினமும் கையெழுத்து விழுந்திருக்கே. அதனாலதான் நாங்க புதுசா ஆள் போடல."

பச்சை மை. கையெழுத்துக்குக் கீழே இரண்டு புள்ளி. வாலுவின் நோட்டுகளில் நான் பார்த்துப் பழகிய, இறந்தவரின் கையெழுத்து, நேற்றுத் தேதி வரைக்கும்.

"எந்தப் புண்ணியவான் பார்த்த வேலை இது?"

தலைமையாசிரியையின் முகம் வெளுத்துவிட்டது. "எழுத்தர்தான் போடறார்னு நான் நெனச்சேன். அவர் நான் போடறேன்னு நெனச்சிருக்கார்."

"நெனச்சு நெனச்சே ரெண்டு வருஷத்தை ஓட்டிட்டீங்களா? நல்லா இருங்க!"

அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். "ஞாயித்துக்கிழமை கூட விடாம போட்டிருக்கு" என்றார் மெதுவாக. பிறகு தன் பையை வாலுவுக்குப் பக்கத்திலிருந்த காலி நாற்காலியில் வைக்கப் போனார். வாலு வீறிட்டாள். அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அங்க யாருடா செல்லம்?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் அட்டைகளைப் புரட்டி ஒன்றை எடுத்தாள். டீச்சர்.

வாலுவின் நாற்காலியைச் சட்டென்று என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இந்த இரண்டு வருஷத்தில்தான் அவள் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. அவளுக்கு என் மூளை என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

வாலு மேலும் அட்டைகளை வரிசையாக மடியில் வைத்தாள். டீச்சர். தூக்கு. முடியாது. அழுகை. கடைசியாக இரண்டு: களைப்பு, வீடு.

எனக்குப் பயம் போய்விட்டது. தொட்டுத் தூக்க முடியாமல், பிள்ளை நனைந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு, ஒரு நாள்கூட வீட்டுக்குப் போகாமல் இருந்திருக்கிறார் அந்த மகராசி. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"இறந்துட்டாங்கன்னு எழுதினா இடம் காலின்னு ஆயிடும்" என்று அதிகாரி முனகினார். "காலி இடத்துக்கு ஆள் வர வருஷக்கணக்காகும்மா."

"அப்ப எழுதாதீங்க. நீண்ட விடுப்புல போனா பத்து நாளைக்குள்ள மாற்று ஆள் அனுப்பணும். உங்க விதிதானே?"

ஒரு தாளை இழுத்து என் நீலப் பேனாவால் விடுப்புக் கடிதம் எழுதினேன். 'முதல்' என்ற இடத்தில் அன்றைய தேதியைப் போட்டேன். அவசரத்தில் 'வரை' என்ற இடத்தை நிரப்ப மறந்தே போனேன்.

"செத்தவங்க கையெழுத்து செல்லாதும்மா."

"ரெண்டு வருஷமா செல்லுச்சே சார். இன்னிக்கு மட்டும் கசக்குதா?"

தாளையும் பேனாவையும் காலி நாற்காலியில் வைத்தேன். "போயிட்டு வாங்க டீச்சர். இனிமே நாங்க பார்த்துக்கறோம்" என்றேன். பேனா அசையவில்லை. வாலு மட்டும், பக்கத்தில் யாரோ குனிந்து பேசுவதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு கடைநிலை ஊழியர் தண்ணீர் கொண்டுவந்தார். எல்லோரும் அவர் பக்கம் திரும்பிவிட்டு மறுபடி பார்த்தபோது தாளில் கையெழுத்து இருந்தது. பச்சை மை, இரண்டு புள்ளி.

அதிகாரி முத்திரை குத்தினார்.

ஒன்பதாம் நாளே புதுப் பெண் வந்துவிட்டாள். நல்ல வலுவான கைகள். அன்று சாயங்காலம் வாலு காய்ந்த உடையோடு வீட்டுக்கு வந்தாள். அவள் பாவாடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து வாசலிலேயே அழுதேன்.

மறுநாள் கடிதத்தின் நகல் தபாலில் வந்தது. நான் விட்டுவிட்ட இடம் காலியாக இல்லை. 'வரை' என்ற இடத்தில் பச்சை மையில் எழுதியிருந்தது: மாற்று ஆளை நீங்கள் நீக்கும் நாள் வரை.

அதிலிருந்து ஒன்றாம் தேதியானால் போதும், அதிகாரி எனக்குப் போன் செய்துவிடுவார். அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"அந்தப் புதுப் பொண்ணு இன்னிக்கும் வந்திருக்காங்கல்லம்மா?"